நிரல் எழுதத் தெரியாதவர்கள் ஊர் வரலாற்றுக்கு ஓர் ஊடாடும் இணையதளம் அமைக்க முடியுமா?

மஞ்சக்குப்பம் ஆசிரியர் கேட்டது:

அன்பர்களுக்கு வணக்கம். நான் கடலூர் மஞ்சக்குப்பத்தில் வசிக்கும் ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியர். எங்கள் ஊரின் பழைய ஒளிப்படங்கள், முதியவர்களின் நினைவுக் குறிப்புகள், அவர்களுடைய குரலிலேயே பதிவு செய்த உரையாடல்கள் ஆகியவற்றை நண்பர்கள் சிலருடன் சேர்ந்து பல ஆண்டுகளாகத் திரட்டி வருகிறேன். இவற்றை நூலாக வெளியிடலாம் என்று சிலர் சொல்கிறார்கள். நூலும் வரட்டும், ஆனால் எங்களிடம் உள்ளவற்றுக்கு இணையதளமே பொருத்தமானது என்று நான் உறுதியாக நினைக்கிறேன்.

காரணத்தை ஓர் எடுத்துக்காட்டால் சொல்கிறேன். 1690-ஆம் ஆண்டில் ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனி தேவனாம்பட்டினத்துக் கோட்டையை மராட்டியரிடமிருந்து விலைக்கு வாங்கியபோது, கோட்டையிலிருந்து பீரங்கியைச் சுட்டால் குண்டு எவ்வளவு தொலைவில் போய் விழுகிறதோ, அந்தத் தொலைவுக்கு உட்பட்ட ஊர்களும் சேர்ந்தே கைமாறின. குண்டு கிராமங்கள் என்ற பெயர் அப்படி வந்ததுதான். வகுப்பில் இதைச் சொன்னால் மாணவர்கள் வியப்போடு கேட்டுவிட்டு மறந்துவிடுவார்கள். தன் கைப்பேசியில் வரைபடத்தைத் திறந்து, தன் ஊரைத் தொட்டு, அது அந்த எல்லைக்குள் இருந்ததா, வெளியே இருந்ததா என்று ஒரு மாணவி தானே கண்டறிந்தால் அதை மறக்கமாட்டாள்.

எனவே எங்களுக்கு வேண்டியது இதுதான்: வரைபடத்தில் ஓர் இடத்தைத் தொட்டால் அதன் படமும் குறிப்பும் ஒலிப்பதிவும் வரவேண்டும். கோட்டைக் காலம், 1783-ஆம் ஆண்டின் முற்றுகை, 2004 ஆழிப்பேரலை, 2011 தானே புயல் என்று காலவாரியாகப் பிரித்துப் பார்க்க முடிய வேண்டும். பொதுமக்கள் தங்கள் வீட்டுப் பழைய படங்களை அனுப்ப வேண்டும். நாங்கள் சரிபார்த்த பிறகே அவை வெளியாக வேண்டும். மாணவர்களுக்குச் சிறு வினாடி வினாவும் இருந்தால் நல்லது. எங்களில் ஒருவருக்கும் நிரல் எழுதத் தெரியாது. ஒரு நிறுவனத்திடம் விசாரித்தோம். அவர்கள் சொன்ன தொகை எங்கள் சக்திக்கு அப்பாற்பட்டது, ஆண்டுப் பராமரிப்புக் கட்டணம் வேறு தனி. நாங்களாகவே இதைச் செய்ய வழி உண்டா?

முத்தியால்பேட்டை வரைபடத் தன்னார்வலர் எழுதியது:

ஐயா, வணக்கம். நான் புதுச்சேரியில் ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் என்னும் திறந்த வரைபடத்துக்குத் தெருப்பெயர்களைத் தமிழில் சேர்க்கும் பணியில் ஈடுபட்டிருப்பவள். தாங்கள் கேட்டவற்றில் பெரும்பகுதியை ஒரு வரிகூட நிரல் எழுதாமல் செய்யலாம். ஆனால் எந்தக் கருவியைத் தேர்வது என்ற கேள்வியை இப்போது ஒதுக்கிவையுங்கள். முதலில் ஒரு விரிதாளைத் திறந்து, ஓர் இடத்துக்கு ஒரு வரிசை என்ற முறையில் தங்களிடம் உள்ள அனைத்தையும் அதில் இறக்குங்கள். இணையதளம் என்று நாம் காணப்போவது அந்த விரிதாளின் முகம் மட்டுமே. விரிதாள் ஒழுங்காக இருந்தால் முகத்தை எப்போது வேண்டுமானாலும் மாற்றிக்கொள்ளலாம்.

நெடுவரிசைகளாக இடத்தின் பெயர், அட்சரேகை, தீர்க்கரேகை, காலம், ஐந்தாறு வரிக் குறிப்பு, படத்தின் இணைப்பு, ஒலியின் இணைப்பு, சொன்னவர், அனுமதி பெற்ற நாள் ஆகியவை வேண்டும். இவற்றோடு, மாற்றுப் பெயர்கள் என்று ஒரு நெடுவரிசையைக் கட்டாயம் வைத்துக்கொள்ளுங்கள். திருப்பாதிரிப்புலியூர் என்று எழுதுபவரும் உண்டு, திருப்பாப்புலியூர் என்று தேடுபவரும் உண்டு. முதுநகரைப் பலர் இன்றும் ஓ.டி. என்றே சொல்கிறார்கள். கோட்டையை ஒருவர் செயின்ட் டேவிட் என்பார், இன்னொருவர் புனித டேவிட் என்பார். பழைய ஆங்கில ஆவணங்களிலோ தேவனாம்பட்டினமே தெக்னாபட்டம் என்று இருக்கிறது. கணினிக்கு இவையெல்லாம் ஒன்று என்று நாம் சொல்லிக்கொடுத்தால்தான் தெரியும். தமிழில் ஊர் வரலாற்றைத் தொகுக்கும் தளங்கள் பலவற்றில் தேடல் பயனற்றுப் போவதற்கு இதுவே முதன்மையான காரணம் என்பது என் எண்ணம்.

அடுத்தது வரைபடம். யூமேப் என்ற இலவசக் கருவி ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பை அடிப்படையாகக் கொண்டது. தங்கள் விரிதாளைச் சிஎஸ்வி என்னும் எளிய உரை வடிவில் ஏற்றுக்கொண்டு ஒவ்வொரு வரிசையையும் ஒரு புள்ளியாக்கிவிடும். கூகுள் ஷீட்டை இணையத்தில் வெளியிட்டு அதன் முகவரியை யூமேப்பில் கொடுத்துவிட்டால், தாளில் தாங்கள் திருத்துவது சற்று நேரத்தில் வரைபடத்திலும் திருந்திவிடும். வெளியிடும் தாளில் சொன்னவரின் தொலைபேசி எண் போன்றவை இருக்கக் கூடாது. அவற்றைத் தனித் தாளில் வைத்திருங்கள். காலங்களை அடுக்குகளாகப் பிரித்துவைத்தால், பார்வையாளர் வேண்டிய அடுக்கை மட்டும் இயக்கிப் பார்க்கலாம். ஒன்றை நினைவில் கொள்ள வேண்டும்: யூமேப் படங்களைச் சேமித்து வைக்காது, படங்கள் வேறோர் இடத்தில் இருக்க, அவற்றின் இணைப்பைத்தான் நாம் கொடுக்க வேண்டும். பொதுப் பயன்பாட்டுக்கு வழங்கத் தாங்கள் முழு உரிமை பெற்ற படங்களை விக்கிமீடியா பொதுவகத்திலும், ஒலிப்பதிவுகளை இன்டர்நெட் ஆர்க்கைவிலும் ஏற்றலாம், இரண்டும் இலவசம். இவ்வாறு அமைந்த வரைபடத்தை எந்த இணையதளத்தின் பக்கத்துக்குள்ளும் பதிக்கலாம்.

குண்டு கிராமங்களைப் பற்றி ஒரு வேண்டுகோள். அதை அழகான வட்டமாக வரைந்துவிடாதீர்கள். பீரங்கி குண்டு ஒவ்வொரு திசையிலும் ஒரே தொலைவில் விழுந்திருக்க வாய்ப்பில்லை. ஆவணங்களில் பெயர் கிடைக்கும் ஊர்களை இணைத்து ஒரு பல்கோணமாக வரைந்து, ஐயத்துக்குரிய பகுதிக்கு வேறு நிறம் கொடுத்தால், மாணவர்கள் வரலாற்றை மட்டுமின்றி வரலாற்றை எப்படி ஆராய்வது என்பதையும் சேர்த்தே கற்பார்கள். யூமேப்பில் விரலால் தொட்டுத் தொட்டே பல்கோணம் வரையலாம்.

காலவரிசைக்கு டைம்லைன்ஜேஎஸ் என்ற கருவி இருக்கிறது. அமெரிக்காவின் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த நைட் லேப் உருவாக்கியது. அதுவும் விரிதாளிலிருந்தே இயங்குவது. இருபது நிகழ்வுகளுக்கு மேற்படாமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்று அவர்களே அறிவுறுத்துகிறார்கள். 1690, கம்பெனியின் தென்னிந்தியத் தலைமையிடமாகக் கோட்டை இருந்த 1746 முதல் 1752 வரையிலான காலம், பிரெஞ்சுத் தளபதி லாலி அதைக் கைப்பற்றிய 1758, புதுவையிலிருந்து வெளியேறிய பாரதியாரைக் கைது செய்து கடலூர்ச் சிறையில் வைத்த 1918 நவம்பர் என்று தேர்ந்தெடுத்தால் இருபதுக்குள் அடங்கிவிடும்.

நெல்லித்தோப்பு மென்பொருள் பணியாளர் எழுதியது:

மேலே அம்மையார் சொன்னதை முழுமையாக ஏற்கிறேன். ஆனால் ஐயா கேட்டவற்றில் ஒன்று மட்டும் வேறு வகையைச் சேர்ந்தது. அதைப் பிரித்துப் பார்க்காவிட்டால் செலவுக் கணக்கு தவறிவிடும். நம்மிடம் உள்ளதைப் பிறருக்குக் காட்டுவது எளிது. வரைபடம், காலவரிசை, ஒலி, வினாடி வினா எல்லாம் காட்டுவதில் அடங்கும். பிறர் அனுப்புவதை வாங்கி, பாதுகாப்பாகச் சேமித்து, சரிபார்த்து, பிறகு வெளியிடுவது அப்படியன்று. அதற்குத் தரவுகளைச் சேமிக்கும் டேட்டாபேஸ் வேண்டும், உள்நுழைவு வேண்டும், விளம்பரக் குப்பைகளைத் தடுக்கும் ஏற்பாடு வேண்டும். நிறுவனங்கள் பெரிய தொகை கேட்பது பெரும்பாலும் இந்தப் பகுதிக்காகத்தான்.

இதற்கு வேர்ட்பிரஸ் ஒரு நடுவழி. 2003 முதல் இருந்துவரும் திறந்த மென்பொருள் அது. நிர்வாகப் பக்கங்கள் தமிழிலேயே கிடைக்கின்றன. படிவத்தில் வரும் பதிவுகளை நிலுவையில் வைத்து, தாங்கள் ஒப்புதல் அளித்த பிறகே வெளியிடும் வசதியைப் பிளகின் எனப்படும் கூடுதல் நிரல் வழியாகச் சேர்த்துக்கொள்ளலாம். வேர்ட்பிரஸ்.காம் என்ற சேவை வழங்கும் இலவசத் திட்டத்தில் பிளகின் சேர்க்க இயலாது. தளத்தின் கோப்புகளை வைக்க ஹோஸ்டிங் இடம் வாங்கி நாமே நிறுவும் வேர்ட்பிரஸில்தான் அந்தச் சுதந்திரம் முழுமையாக உண்டு. தளத்தின் முகவரியான டொமைனுக்கும் ஹோஸ்டிங்குக்கும் சேர்த்து ஆண்டுக்குச் சில ஆயிரம் ரூபாய் ஆகும். முதலாண்டுச் சலுகை விலையைப் பார்த்து முடிவு செய்யாமல், இரண்டாம் ஆண்டுப் புதுப்பிப்புக் கட்டணம் எவ்வளவு என்று கேட்டு முடிவு செய்யுங்கள்.

பிளகின்களைக் கண்டதும் சேர்த்துவிட வேண்டாம். புதுப்பிக்கப்படாத பிளகின் வழியாகத்தான் வேர்ட்பிரஸ் தளங்களில் பெரும்பாலும் ஊடுருவல் நிகழ்கிறது. மாதம் ஒரு நாளைக் குறித்துக்கொண்டு, எல்லாவற்றையும் புதுப்பித்து, முழுத் தளத்தின் நகலை வீட்டிலுள்ள ஒரு வன்தட்டில் எடுத்துவைப்பவர் தங்கள் குழுவில் ஒருவர் இருக்கிறாரா என்று முதலில் பாருங்கள். இல்லையென்றால், பொதுமக்கள் நேரடியாகப் பதிவேற்றும் வசதியையே தள்ளிவைப்பது நல்லது என்பேன்.

ஒருவரை அமர்த்திச் செய்வதானால் இரண்டை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். டொமைன் தங்கள் குழுவின் பெயரிலும் தங்கள் மின்னஞ்சலிலும் பதிவாக வேண்டும். செய்துதருபவரின் பெயரில் பதிவானால், அவர் தொழிலை விட்டுப்போகும் நாளில் தங்கள் தளத்தின் முகவரியும் அவரோடு போய்விடும். நிர்வாகிக் கடவுச்சொல், மூலநிரல், தரவு ஆகிய மூன்றையும் வேலை முடிந்ததும் ஒப்படைக்க வேண்டும். கடைசித் தவணையை அதன்பிறகே கொடுங்கள். பொறியியல் கல்லூரி மாணவர்கள் இறுதியாண்டுத் திட்டமாகச் செய்துதர முன்வரலாம். ஆர்வத்தோடு செய்வார்கள், ஆனால் படிப்பு முடிந்ததும் வேலைக்குச் சென்றுவிடுவார்கள் என்பதால், பராமரிப்பு தேவைப்படாத பகுதிகளை மட்டும் அவர்களிடம் கொடுங்கள்.

நாம் தமிழிலேயே சொன்னால் நிரலை எழுதித்தரும் செயற்கை நுண்ணறிவுக் கருவிகள் இப்போது வந்துவிட்டன. ஒரு பக்க வினாடி வினா, படங்களை வரிசையாகக் காட்டும் பக்கம் போன்றவற்றுக்கு அவை உண்மையிலேயே உதவும், தயக்கமின்றிப் பயன்படுத்தலாம். ஆனால் பிறருடைய பெயரும் தொலைபேசி எண்ணும் வந்து சேரும் பக்கத்தை, அதன் நிரலைப் படித்துச் சரிபார்க்க ஒருவரும் இல்லாத நிலையில், அவற்றைக் கொண்டு அமைக்கக் கூடாது என்பதில் நான் உறுதியாக இருக்கிறேன்.

மஞ்சக்குப்பம் ஆசிரியர் எழுதியது:

இருவருக்கும் என் நெஞ்சார்ந்த நன்றி. காட்டுவது வேறு, வாங்குவது வேறு என்பது எனக்குப் புதிய தெளிவைத் தந்தது. பதிவேற்றத்துக்குக் கூகுள் படிவம் போதுமா? எங்களுக்குப் படம் தரக்கூடியவர்கள் பெரும்பாலும் எழுபது வயதைக் கடந்தவர்கள். இன்னொன்று: எங்கள் குறிப்புகளில் பாதி பல ஆண்டுகளுக்கு முன் அச்சகத்தில் தட்டச்சு செய்தவை; அந்தக் கோப்புகளை இப்போது திறந்தால் ஆங்கில எழுத்துகளாகத் தெரிகின்றன. அவற்றை மீண்டும் தட்டச்சு செய்துதான் ஆக வேண்டுமா?

முதுநகர் நூலகர் எழுதியது:

ஐயா, மீண்டும் தட்டச்சு செய்ய வேண்டியதில்லை. அவை பாமினி, வானவில் போன்ற பழைய எழுத்துருக்களில் அடித்தவையாக இருக்கும். எந்த எழுத்துரு என்று கண்டறிந்துவிட்டால், என்.எச்.எம். கன்வெர்ட்டர் போன்ற இலவச மென்பொருளால், எல்லாக் கணினிகளிலும் தமிழாகவே தெரியும் யூனிகோடு முறைக்கு மாற்றலாம். மாற்றிய பின் ஒருமுறை முழுவதும் படித்துத் திருத்த வேண்டும். கொம்பும் காலும் இடம் மாறி நிற்பது உண்டு. தமிழக அரசே 2010-இல் யூனிகோடைத் தன் அலுவல் முறையாக ஏற்றுக்கொண்டுவிட்டது; இனித் திரட்டுவதை எல்லாம் அதிலேயே அடியுங்கள். கோப்புகளுக்குப் பெயர் சூட்டும்போது மட்டும் தமிழ் எழுத்துகளையும் இடைவெளிகளையும் தவிர்த்து, விரிதாளின் வரிசை எண்ணையே பெயராக வையுங்கள். தமிழ்ப் பெயருள்ள கோப்பின் இணைய முகவரி படிக்க முடியாத நீண்ட குறியீடாக மாறிவிடும்.

கூகுள் படிவத்தைப் பொறுத்தவரை, கோப்பு இணைக்கும் கேள்வி இருந்தால், அனுப்புபவர் தம் கூகுள் கணக்கில் நுழைந்தாக வேண்டும் என்ற கட்டுப்பாடு உண்டு. எழுபது வயதுப் பெரியவர் அங்கேயே நின்றுவிடுவார். குழுவுக்கென்று ஒரு வாட்ஸ்அப் எண் வைத்துக்கொள்வதே நம் ஊருக்கு ஏற்றது. படமாக அனுப்பினால் வாட்ஸ்அப் அதைச் சுருக்கிவிடும். டாக்குமென்டாக அனுப்பச் சொல்லுங்கள். இயன்றவரை தாங்களே நேரில் சென்று, அவர் வீட்டு வெளிச்சத்தில், சட்டத்திலிருந்து வெளியே எடுத்துப் படம் பிடியுங்கள். அப்போதுதான் படத்தின் பின்புறத்தில் எழுதியிருக்கும் ஆண்டும் கிடைக்கும், அதைப் பற்றிய கதையும் கிடைக்கும்.

உரிமை பற்றிச் சொல்லாமல் விட முடியாது. 2012-ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு, இந்தியச் சட்டப்படி ஓர் ஒளிப்படத்தின் பதிப்புரிமை அதை எடுத்தவரின் வாழ்நாள் முழுவதும், அவர் இறந்த ஆண்டுக்கு அடுத்த ஆண்டிலிருந்து 60 ஆண்டுகளும் நீடிக்கும். வீட்டுப் பெட்டியில் கிடந்து வெளியாகாமலே இருந்த படத்துக்கும் உரிமை இன்னும் இருக்கிறது என்று கொள்வதே பாதுகாப்பானது. படம் யாரிடம் இருக்கிறதோ அவரே உரிமையாளர் என்றும் எண்ணிவிடக் கூடாது. எடுத்தவர் யார், ஸ்டுடியோ எது என்று கேட்டுக் குறித்துக்கொண்டு, கொடுத்தவரிடம் ஒரு பத்தி அளவில் கையொப்பமிட்ட ஒப்புதல் வாங்குங்கள். ஒலிப்பதிவுக்கு இதைவிட எளிய வழி, பதிவின் தொடக்கத்திலேயே, இதை இணையத்தில் வெளியிடச் சம்மதம் என்று அவர் வாயால் சொல்லச் செய்வது. பொதுவகத்துக்கும் ஆர்க்கைவுக்கும் அனுப்பியதை உலகமே நகலெடுத்துக்கொள்ள முடியும். பிறகு திரும்பப் பெறுவது கடினம் என்பதையும் அவரிடம் விளக்கிச் சொல்லுங்கள்.

மாணவர்களைப் பற்றியும் ஒரு சொல். 2023-ஆம் ஆண்டின் எண்முறைத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயது நிறையாதவர்களைக் குழந்தைகள் என்றே கொள்கிறது; அவர்களுடைய தரவைப் பெறப் பெற்றோரின் சரிபார்க்கத்தக்க ஒப்புதல் வேண்டும் என்கிறது. வினாடி வினாவுக்குப் பெயரும் பள்ளியும் எதற்கு? ஒன்றும் கேட்காமலே நடத்துங்கள். ஆழிப்பேரலை பற்றிய பதிவுகளில் கூடுதல் கவனம் தேவை. தேவனாம்பட்டினத்தில் உறவுகளை இழந்தவர்கள் இன்றும் அங்கேயே வாழ்கிறார்கள். எந்தப் படத்தை வெளியிடுவது என்பதை அவர்களே முடிவு செய்யட்டும்.

புவனகிரி பள்ளி ஆசிரியை எழுதியது:

வினாடி வினாவுக்கு எச்5பி என்ற திறந்த கருவியைப் பாருங்கள், ஐயா. வேர்ட்பிரஸில் பிளகினாகவே கிடைக்கிறது. அதிலேயே இரண்டு படங்களை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, நடுவிலுள்ள கோடு ஒன்றை விரலால் நகர்த்தி அன்றும் இன்றும் என்று ஒப்பிடும் வசதியும் இருக்கிறது. கெடிலம் ஆற்றங்கரையின் பழைய படமும், அதே இடத்தில் நின்று இன்று எடுத்த படமும் இருந்தால், என் வகுப்புப் பிள்ளைகள் மணிக்கணக்கில் அதை நகர்த்திப் பார்ப்பார்கள். மாணவர்களுக்கு விலை குறைந்த கைப்பேசிகள்தான் கிடைக்கின்றன; அதுவும் பெற்றோர் வேலையிலிருந்து திரும்பிய பிறகு. எனவே ஒவ்வொரு படத்தையும் சில நூறு கிலோபைட்டுக்குள் சுருக்கி வையுங்கள். மூல அளவுப் படம் தங்கள் வன்தட்டில் இருக்கட்டும்.

முத்தியால்பேட்டை வரைபடத் தன்னார்வலர் எழுதியது:

நண்பர்கள் சொன்னவற்றோடு ஒன்றைச் சேர்க்கிறேன். இலவசச் சேவை எதுவும் நிலையானது அன்று. விரிதாளை வரைபடமாக்கிய கூகுள் பியூஷன் டேபிள்ஸை உலகெங்கும் செய்தியாளர்களும் ஆய்வாளர்களும் நம்பிப் பயன்படுத்தினார்கள். 2019 டிசம்பரில் அது நிறுத்தப்பட்டது. தரவைத் தம்மிடம் தனியாக வைத்திருந்தவர்கள் வேறு கருவிக்கு மாறிக்கொண்டார்கள். ஆகவே விரிதாளைச் சிஎஸ்வி வடிவில் அவ்வப்போது இறக்கி, வன்தட்டிலும் நண்பர் ஒருவரின் வீட்டிலும் வைத்திருங்கள்.

மஞ்சக்குப்பம் ஆசிரியர் எழுதியது:

எல்லோருக்கும் மீண்டும் நன்றி. குழுவில் கலந்து பேசினோம். முதலில் தேவனாம்பட்டினத்தை மட்டும் எடுத்துக்கொண்டு விரிதாளும் யூமேப் வரைபடமும் செய்வது, படங்களை நேரில் சென்று திரட்டுவது, வேர்ட்பிரஸை அடுத்த கட்டத்துக்கு வைத்துக்கொள்வது என்று முடிவு செய்திருக்கிறோம். மாதந்தோறும் நகலெடுக்கும் பொறுப்பை வங்கியில் பணியாற்றி ஓய்வுபெற்ற நண்பர் ஏற்றுக்கொண்டார். ஒரே ஓர் ஐயம்: இடிந்து மறைந்துபோன கட்டடங்களுக்கு முகவரியே இல்லையே, அவற்றின் அட்சரேகை, தீர்க்கரேகையை எப்படிக் குறிப்பது?

முத்தியால்பேட்டை வரைபடத் தன்னார்வலர் எழுதியது:

அந்த இடத்துக்கே சென்று கைப்பேசியின் வரைபடச் செயலியைத் திறந்து, நிற்கும் புள்ளியின் மேல் விரலைச் சற்று நேரம் அழுத்திப் பிடியுங்கள். இரண்டு எண்கள் தோன்றும். கடலூரில் முதல் எண் 11 என்றும் இரண்டாவது 79 என்றும் தொடங்கும். முன்னது அட்சரேகை, பின்னது தீர்க்கரேகை. தசமப் புள்ளிக்குப் பின் ஐந்து இலக்கங்கள் போதும்; அதுவே ஏறத்தாழ ஒரு மீட்டர் துல்லியம். இடம் உறுதியாகத் தெரியாதபோது, தோராயம் என்று தனி நெடுவரிசையில் குறித்துவிடுங்கள். இரண்டு எண்களையும் இடம் மாற்றி எழுதிவிட்டால், தேவனாம்பட்டினத்துப் புள்ளி வடதுருவத்துக்கு அருகே நார்வேயின் ஸ்வால்பார்ட் தீவுகளுக்குப் போய்விடும். ஆகவே பதிவேற்றிய பிறகு ஏதேனும் ஒரு புள்ளி கண்ணில் படவில்லை என்றால், முதலில் அந்த இரண்டு நெடுவரிசைகளைச் சரிபாருங்கள்.